வெளிநாட்டில் இருப்பவருக்குப் பெரிய, அகலமான ஷூ: எப்படித் தேடுவது, எதை ஊரில் செய்வது

ஆந்திராவின் வி.கோட்டாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது சுருக்கமாக இது: அண்ணன் ஜப்பானில் நகோயா பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. கால் நீளம் 29.5 செ.மீ., அகலம் 11.7 செ.மீ. அங்கே கடைகளில் 28-க்கு மேல் ஷூ இல்லை. ஊரில் போட்டுக்கொண்டிருந்த 12-ம் நம்பரும் பக்கவாட்டில் பிடிக்கும். 13 வாங்கி அனுப்பலாமா? மலையிறங்கினால் தோல் ஷூ செய்யும் பேரணாம்பட்டும் ஆம்பூரும்தானே, அங்கே செய்து பார்சலில் அனுப்பினால் என்ன?

தம்பி, 13 வாங்காதீர்கள். ஆம்பூரில் செய்யலாம், ஆனால் பார்சலில் அனுப்ப வேண்டாம். தினமும் வேலைக்குப் போடுவதை அண்ணன் அங்கேயே வாங்குவதுதான் நல்லது. காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் அந்த 13. நம் ஊரில் புழங்குவது பிரிட்டிஷ் நம்பர். ஒரு நம்பர் ஏறினால் நீளம் மூன்றில் ஒரு அங்குலம், அதாவது 8.46 மி.மீ. கூடும். விரல் மூட்டைச் சுற்றியுள்ள சுற்றளவோ கால் அங்குலம், ஏறத்தாழ 6 மி.மீ.தான் கூடும். அண்ணன் கால் 295 மி.மீ. விரலுக்கு முன்னால் 12 மி.மீ. இடம் விட்டால் 307. அங்குலத்தில் அது 12.09. பிரிட்டிஷ் நம்பர் கணக்குப்படி அதை மூன்றால் பெருக்கி 25-ஐக் கழித்தால் 11.26 வரும். ஆக நீளத்துக்கு அவருக்கு 11-ம் நம்பரே போதும். 12 போட்டும் பிடிக்கிறது என்றால் குறை நீளத்தில் இல்லை, சுற்றளவில். அவருக்கு அகலம் மூன்று படி (ஒரு படி என்பது சுற்றளவில் 6 மி.மீ.) கூட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை நம்பரை ஏற்றியே எடுக்கப் பார்த்தால் 14 வரை போகவேண்டும். அப்போது முன்னால் 25 மி.மீ. வெறும் இடம் கிடக்கும்.

அந்த வெறும் இடம் சும்மா இருக்காது. ஷூ மடங்கும் இடமும் கால் மடங்கும் இடமும் ஒன்றாக இருக்கவேண்டும். நீளம் மிஞ்சினால் ஷூவின் மடிப்பு முன்னால் தள்ளிப்போகும், கால் வேறிடத்தில் மடங்கும். அப்பரில், அதாவது ஷூவின் மேல்பாகத்தில், குறுக்கே விழும் சுருக்கம் விரல்களின் மேல் அமுக்கும். குதிகால் ஒவ்வொரு அடிக்கும் மேலே ஏறி இறங்கித் தோலை உரிக்கும். பாதவளைவைத் தாங்க உள்ளே வைத்திருக்கும் ஷாங்க் தகடு வளைவுக்கு முன்னால் போய்விடும். படி ஏறும்போது ஷூவின் மூக்கு இடறும். தொழிற்சாலையில் ஏணியில் ஏறுகிறவருக்கு இது ஆபத்து. அகலக் காலுக்கு நீள ஷூ வாங்குகிறவர்கள் மாலையானால் குதிகால் எரிகிறது, முதுகு இழுக்கிறது என்பதற்கு இது ஒரு காரணம்.

எனவே கையில் இருக்கவேண்டியது ஷூ நம்பர் இல்லை, காலின் அளவு. நீங்கள் எழுதிய 11.7 எப்படி எடுத்தது என்று தெரியாமல் அதை நம்பிக் காசு போடக்கூடாது. தாளில் காலை வைத்துப் பென்சிலால் வரைந்திருந்தால், கோடு பென்சிலின் பாதித் தடிமன் வெளியே தள்ளித்தான் விழும். சாதாரணப் பென்சில் 7 மி.மீ. தடிமன். இரண்டு பக்கமும் சேர்த்து 7 மி.மீ. கூடிவிடும். ஷூ அகலத்தில் ஒரு படியே 6 மி.மீ. சுற்றளவு என்னும்போது 7 மி.மீ. அகலப் பிழை சிறியதல்ல.

அண்ணனை இப்படி எடுக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்து வந்த மாலையில், வேலைக்குப் போடும் அதே சாக்ஸோடு. காலையில் எடுத்தால் நாள் முழுக்க நிற்கிற கால் அரை படியாவது குறைவாகக் காட்டும். ஏ4 தாள் 297 மி.மீ.தான், அவர் காலுக்கு ஓரம் மிஞ்சாது. சார்ட் பேப்பர் எடுத்து, அதன் விளிம்பைச் சுவரோடு ஒட்டவைத்து, குதிகால் சுவரைத் தொட, இரண்டு காலிலும் சமமாக எடை போட்டு நேராக நிற்கவேண்டும். வரைவது இன்னொருவர். தானே குனிந்து வரைந்தால் எடை முன்னங்காலுக்கு மாறி அளவு தப்பும். பென்சிலைச் செங்குத்தாகப் பிடிக்கவேண்டும், சாய்த்தால் கோடு பாதத்துக்கு அடியில் போய்விடும். நீளம் என்பது சுவரிலிருந்து மிக நீண்ட விரல் நுனிவரை. சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளமாக இருக்கும், அதையும் பாருங்கள்.

அடுத்தது சுற்றளவு. இதுதான் முக்கியம், இதைத்தான் யாரும் எடுப்பதில்லை. பெருவிரல் அடியில் புடைத்திருக்கும் எலும்பு மூட்டிலிருந்து சுண்டுவிரல் அடியில் புடைத்திருக்கும் மூட்டுவரை, பாதத்துக்கு மேலும் கீழுமாக ஒரு சுற்று. இரண்டு மூட்டும் நேர்க்கோட்டில் இருக்காது. சுண்டுவிரல் மூட்டு குதிகால் பக்கம் தள்ளி இருக்கும். அதனால் டேப் சாய்வாகத்தான் போகும், நேராக இழுத்தால் அளவு குறையும். தையல் டேப் பழசானால் நீண்டுவிடும். அரை அங்குல அகலத்தில் தாள் துண்டு வெட்டி, சுற்றிக் குறியிட்டு, அதை இரும்பு ஸ்கேலில் வைத்துப் படிப்பது மேல். தோலைத் தொடவேண்டும், சதையை அமுக்கக்கூடாது. அப்படியே புறங்காலின் உயரமான இடத்திலும், லேஸ் முடிச்சு வருமே அங்கே, ஒரு சுற்று. இரண்டு காலுக்கும் எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருப்பது அபூர்வம். பெரிய காலுக்கு ஷூ வாங்கி, சின்னக் காலுக்கு மெல்லிய இன்சோல் கூட வைப்பதுதான் வழி.

இந்தச் சுற்றளவை வைத்துக்கொண்டு ஜப்பானில் ஷூ பார்ப்பது எளிது, ஏனென்றால் அங்கே அளவுமுறையே காலை வைத்துத்தான். ஜேஐஎஸ் என்கிற அந்த நாட்டுத் தரக் கணக்கில் 26 செ.மீ. ஆண் காலுக்கு 255 மி.மீ. சுற்றளவு என்றால் இரண்டு ஈ (அகலத்தைக் குறிக்கும் 2E என்ற ஆங்கிலக் குறி), 261 என்றால் மூன்று ஈ, 267 என்றால் நான்கு ஈ. ஒரு படிக்கு 6 மி.மீ. நீளம் அரை செ.மீ. கூடும்போதெல்லாம் ஒவ்வொன்றிலும் 3 மி.மீ. கூடும். அண்ணனின் 29.5-க்குக் கணக்குப் போட்டால் இரண்டு ஈ 276, மூன்று ஈ 282, நான்கு ஈ 288. அவர் அகலத்துக்குச் சுற்றளவு 288-ஐ ஒட்டி வர வாய்ப்பு அதிகம். எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இப்போது ஜப்பானில் ஏன் கிடைக்கவில்லை என்பது புரியும். அங்கே அகலத்துக்குப் பஞ்சமில்லை. மூன்று ஈ, நான்கு ஈ சாதாரணக் கடையிலேயே அடுக்கியிருக்கும். யோனெக்ஸ் நடை ஷூவில் 3.5 ஈ, 4.5 ஈ என்றுகூட உண்டு. நீளம்தான் 28-ல் நிற்கும். அமெரிக்கக் கம்பெனி ஷூவில் நீளம் தாராளம், ஆனால் ஜப்பானியக் கடையில் தொங்குவது அதன் சாதாரண அகலம். இரண்டும் ஒன்றாக வேண்டியவர் கடை கடையாக ஏறி இறங்கிப் பயனில்லை, இணையத்தில் வடிகட்டித்தான் தேடவேண்டும். தேட மூன்று சொல் போதும்: ஓகீ சைஸு என்றால் பெரிய அளவு, ஹபாஹிரோ என்றால் அகலம், கோதாகா என்றால் புறங்கால் உயரம். நேரில் கேட்பதானால் நான்கு ஈ-யை யோன் ஈ என்பார்கள். பெரிய உடம்புக்காரர்களுக்கான ஆடைக் கடைகளிலும் 30 செ.மீ. ஷூ வைத்திருப்பார்கள். சகாஸென் அப்படி ஒரு பெரிய கடைத்தொடர். போவதற்கு முன் அளவைச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போகட்டும்.

செ.மீ. எண்ணிலும் ஒரு பொறி உண்டு. ஜப்பானியத் தோல் ஷூவில் 29.5 என்று எழுதினால் அது காலின் நீளம், விரலுக்கு முன்னால் விடும் இடத்தை அவர்களே சேர்த்துக்கொள்வார்கள். ஓட்ட ஷூ, ஸ்னீக்கரில் எழுதும் செ.மீ. பெரும்பாலும் அமெரிக்க நம்பரிலிருந்து மாற்றிப் போட்டது, அதில் அரை செ.மீ. ஏற்றி எடுக்கவேண்டும். அண்ணனுக்குத் தோல் ஷூ 29.5, ஸ்னீக்கர் 30. நியூ பேலன்ஸில் 30 செ.மீ. என்பது அமெரிக்க 12.

எழுத்துகளில் ஏமாறுகிறவர்களே அதிகம். அமெரிக்காவில் ஆண்களுக்கு டி சாதாரணம், இரண்டு ஈ அகலம், நான்கு ஈ மிக அகலம், சில மாடலில் ஆறு ஈ. அதே டி பெண்கள் ஷூவில் அகலம், அங்கே பி தான் சாதாரணம். பிரிட்டனில் ஆண்களுக்கு எஃப் அல்லது ஜி சாதாரணம், எச் அகலம். ஜெர்மனியில் ஜி சாதாரணம், எச் அகலம், கே மிக அகலம். ஜப்பானின் இரண்டு ஈ அந்த ஊருக்குச் சாதாரணம், அமெரிக்காவின் இரண்டு ஈ அகலத்தில் சேர்த்தி. எழுத்து ஒன்றாக இருப்பதால் அளவு ஒன்றாகாது. எந்த நாட்டு ஷூ, ஆண் ஷூவா பெண் ஷூவா என்று பார்த்த பிறகே எழுத்தைப் படிக்கவேண்டும். ‘வைடு’ என்று மட்டும் போட்டு எழுத்தே போடாத ஷூ என்றால் விற்பவரிடம் கேட்டுத் தெளியாமல் வாங்காதீர்கள்.

பெயர் சொல்லிக் கேட்பதானால்: நியூ பேலன்ஸில் 577, 608, 928 மாடல்கள் நான்கு ஈ-யில் வருபவை. புரூக்ஸில் கோஸ்ட், அட்ரினலின், அடிக்‌ஷன் வாக்கர். ஆசிக்ஸில் கயானோ, ஜிடி-2000. நியூ பேலன்ஸில் லேஸுக்கு அடியில் உள்ள நாக்கின் உள்பக்கச் சீட்டில் நம்பரோடு அகல எழுத்தும் இருக்கும், படம் கேட்டு வாங்கிப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் திருப்பி அனுப்பும் செலவு ஷூ விலையில் பாதியைத் தின்னும். ஆகவே முதல் ஜோடியை எடுத்தவுடன் வீட்டுக்குள்ளே சுத்தமான தரையில் சாக்ஸோடு அரை மணி நேரம் நடந்து பார்த்து, சரியாக இருந்தால் மட்டும் சீட்டைக் கிழிக்கட்டும். நடந்தபின் சாக்ஸைக் கழற்றிப் பார்த்தால் சுண்டுவிரல் மூட்டில் சிவப்புக் கோடு இருக்கக்கூடாது. இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன்மேல் நின்றும் பார்க்கலாம். பாதம் இன்சோலைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ ஆகாது, எத்தனை ஈ போட்டிருந்தாலும் சரி.

வேலைப் பாதுகாப்பு ஷூ தனிக் கதை. மூக்கில் இரும்புத் தொப்பி இருப்பதால் அது நாளடைவில் விரியும் என்ற பேச்சே இல்லை. முதல் நாள் சுண்டுவிரல் தொப்பியின் விளிம்பில் இடித்தால் கடைசி நாளும் இடிக்கும். இங்கிருந்து வாங்கி அனுப்புவதும் தவறு, ஜப்பானியத் தொழிற்சாலையில் பெரும்பாலும் ஜேஐஎஸ் போன்ற அந்த நாட்டு முத்திரையைக் கேட்பார்கள். மிடோரி அன்சென் போன்ற பாதுகாப்பு ஷூக் கம்பெனிகளுக்கு அகல மாடல்கள் உண்டு, ஆனால் பெரிய அளவு கடையில் இருக்காது, கேட்டலாக் பார்த்து ஆர்டர் போடவேண்டும். அதைத் தனியாள் செய்வதைவிட, கம்பெனியில் பாதுகாப்பு பார்க்கும் அலுவலரிடம் நீளமும் சுற்றளவும் எழுதிக் கொடுத்துக் கேட்பது மரியாதையான வழி. கூச்சப்பட்டுக்கொண்டு சின்ன ஷூவில் காலைத் திணித்து எட்டு மணி நேரம் நிற்கவே கூடாது.

இருக்கிற ஷூவை விரிக்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். நல்ல தோல் என்றால் மரக்கட்டை ஸ்ட்ரெச்சர் வைத்து 3 மி.மீ., மிஞ்சினால் 5 மி.மீ. எடுக்கலாம். அரைப்படிக் குறைக்கு உதவும். ரெக்சின், பியூ போன்ற செயற்கைத் தோல் அப்பர் விரிந்த மாதிரி காட்டிவிட்டு மறுநாளே பழைய இடத்துக்கு வந்துவிடும். மூட்டு வரும் இடத்தில் தையல் இருந்தால் தையல் பிரியும். லேஸை மாற்றிப் போடுவது இதைவிட நல்ல பலன் தரும். முதல் இரண்டு துளைகளை விட்டுவிட்டு மூன்றாவதிலிருந்து கோத்தால் மூட்டின்மேல் இறுக்கம் தளரும். வாங்கும்போதே டெர்பி மாதிரி பாருங்கள். லேஸ் பட்டைகள் இரண்டும் தனித்தனியாகத் திறந்து கொடுக்கும். ஆக்ஸ்போர்டில் அவை கீழே மூடித் தைத்திருக்கும், புறங்கால் உயர்ந்தவருக்கு ஒத்துவராது.

இனி ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி. பெரிய கம்பெனிகள் ஆயிரக்கணக்கான ஜோடிக்கு எக்ஸ்போர்ட் ஆர்டர் ஓட்டுபவை, ஒரு ஜோடிக்கு மெஷினை நிறுத்தமாட்டார்கள். முதலில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் விற்கும் கடைகளில் ஒரு பார்வை பாருங்கள். ஜெர்மனி ஆர்டரில் மிஞ்சியது என்றால் உள்ளே எச் அல்லது கே என்று குத்தியிருக்கும், ஐரோப்பிய நம்பரில் 46, 47 அளவும் அகப்படும். உள் லைனிங்கில் அச்சடித்த சின்ன எழுத்தை டார்ச் அடித்துப் பாருங்கள், விற்பவருக்கே தெரியாமல் கிடக்கும்.

செய்து வாங்குவதானால் ஜாப் ஒர்க் எடுக்கும் சின்னப் பட்டறையைப் பிடிக்கவேண்டும். அங்கே எல்லாம் லாஸ்ட்டில்தான் இருக்கிறது. லாஸ்ட் என்பது ஷூவை ஏற்றி இழுக்கும் கால் அச்சு. அண்ணன் அளவுக்கு லாஸ்ட் பட்டறையில் இருக்காது. கிட்டத்தட்ட நீளத்தில் ஒன்றை எடுத்து, மூட்டு வரும் இடத்தில் தோல் துண்டுகளை ஓரம் சீவி அடுக்கடுக்காக ஒட்டி, சுற்றளவு வரும்வரை பருமனாக்குவார்கள். வேலை தெரிந்தவர் கையில் இது நன்றாகவே வரும். கெட்டுப்போவது ஒரே இடத்தில்: மேலே மட்டும் தோல் ஒட்டிவிட்டு அடிப்பக்கத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். அப்போது சுற்றளவு டேப்பில் சரியாக இருக்கும், ஆனால் பாதம் வைக்கும் தளம் பழைய அகலத்திலேயே இருக்கும். போட்டு நடந்தால் கால் சோலின் விளிம்பைத் தாண்டித் தொங்கும், அப்பர் பக்கவாட்டில் பிதுங்கி இரண்டே மாதத்தில் ஓரத்தில் வெடிக்கும். ஆகவே கேட்கவேண்டியது, ‘இன்சோல் போர்டைப் பாத வரைபடத்துக்கு வெட்டுவீர்களா?’ என்று. இன்சோல் போர்டு என்பது பாதம் வைக்கும் தளமாக உள்ளே வரும் அட்டை. அதற்கு ஏற்றபடி சோலும் அகலமாக வேண்டும். அச்சில் வார்த்து வரும் ரெடி சோல் அதன் லாஸ்ட்டுக்கு மட்டும்தான் பொருந்தும். ஷீட் ரப்பர் அல்லது தோல் சோலை வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். அப்பர் பேட்டர்னையும் பருமனாக்கிய லாஸ்ட்டிலிருந்து புதிதாக எடுக்கவேண்டும். பழைய பேட்டர்னை இழுத்து ஏற்றினால் லேஸ் பட்டைகள் இரண்டும் அகன்று நிற்கும்.

ஆள் ஜப்பானில் இருக்க, வாட்ஸ்அப் படத்தை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்யச் சொல்லாதீர்கள். படத்தில் அளவு வராது, காகிதத்தில் வரைந்த பாதமே வேண்டும், அதைத் தபாலில் வரவழைத்தாலும் போட்டுப் பார்க்க ஆள் இல்லை. அண்ணன் விடுப்பில் வரும்போது முதல் நாளே பட்டறைக்கு அழைத்துப் போங்கள். சோல் ஒட்டுவதற்கு முன் அப்பரை லாஸ்ட்டில் இழுத்த நிலையில் ஒரு முறை கழற்றிப் போட்டுப் பார்க்கக் கேளுங்கள். திருத்தம் செய்ய அந்த நேரம்தான் மலிவு. இரண்டு வாரமாவது கையில் இருக்கவேண்டும். ஷூ கைக்கு வந்ததும் பெட்டிக்குள் வைக்காமல் ஊரிலேயே மாலை மாலையாகப் போட்டு நடக்கட்டும். நகோயா போனபின் கடிக்கிறது என்றால் யாரும் சரிசெய்து தரமாட்டார்கள். அந்த லாஸ்ட்டைப் பெயர் எழுதிப் பட்டறையிலேயே வைக்கச் சொல்லுங்கள், இல்லையானால் விலை கொடுத்து வீட்டுக்கு எடுத்து வாருங்கள். அடுத்த ஜோடிக்குப் பாதி வேலை மிச்சம்.

வழியில் ஒன்று. கால் பிறவியிலேயே அகலம் என்றால் மேலே சொன்னது போதும், அதில் குறை எதுவும் இல்லை. சென்னை அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டின் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் காலை அளந்தது. இந்தியர் கால் மேல்நாட்டார் காலைவிட அகலம் என்றுதான் அதில் தெரிந்தது. பிரிட்டிஷ், அமெரிக்க நம்பருக்குப் பதில் ‘பா’ என்ற பெயரில் நமக்கென ஒரு அளவுமுறை வகுக்கும் வேலையும் அதிலிருந்தே தொடங்கியது. ஆனால் சில மாதங்களுக்குள் கால் அகலமாகிவிட்டது, ஒரு கால் மட்டும் வீங்குகிறது, பாதத்தில் உணர்ச்சி குறைகிறது, சர்க்கரை இருக்கிறது என்றால் ஷூக் கடைக்கு முன் டாக்டர். மரத்த காலுக்கு ஷூ கடிப்பதே தெரியாது, புண் வந்தபின்தான் தெரியும். நம் பக்கத்திலேயே காட்பாடியை அடுத்த கரிகிரி மருத்துவமனையில் அப்படிப்பட்ட கால்களுக்கு எம்சிஆர் என்னும் நுண்துளை மெத்து ரப்பர் வைத்துச் செருப்புச் செய்து தருகிறார்கள்.

கடைசியாகப் பார்சல். ஜப்பானுக்குள் வரும் தோல் ஷூவுக்குச் சுங்க வரி விலையில் 30 சதவீதம் அல்லது ஜோடிக்கு 4,300 யென், இரண்டில் எது அதிகமோ அது. அதற்கு மேல் நுகர்வு வரி. மற்ற பொருள்களுக்கு 10,000 யென் வரை கிடைக்கும் விலக்கு தோல் ஷூவுக்குப் பொதுவாகக் கிடையாது. ஆம்பூரில் சிக்கனமாகச் செய்த ஷூ அங்கே போய்ச் சேரும்போது ஆன விலையை நினைத்து வருந்தவேண்டியிருக்கும். அதே ஷூவைப் பயணி தன் சொந்த உபயோகத்துக்கு லக்கேஜில் கொண்டுபோனால், மொத்தப் பொருள்களின் மதிப்பு 2,00,000 யென்னுக்குள் இருக்கும்வரை வரி இல்லை. ஒரு ஜோடியைக் காலில் போட்டுக்கொண்டு, இன்னொன்றைப் பெட்டியில் வைத்து, பட்டறை ரசீதைக் கையோடு எடுத்துப் போகட்டும். புறப்படும் முன் ஜப்பான் சுங்கத்துறை தளத்தில் அப்போதைய விதியை ஒரு முறை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். துணி அப்பர் ஸ்னீக்கருக்கு இந்தத் தோல் வரி பொருந்தாது, அதை வேண்டுமானால் யாராவது வாங்கி அனுப்பலாம். ஆனால் நான்கு ஈ-யில் நம் ஊர்க் கடையில் கிடைப்பது அரிது, அவர் அங்கேயே ஆர்டர் போடுவதுதான் சீக்கிரம்.